புல்லட்டின் அமுக்க விகிதம்: திருவொற்றியூரும் மணலியும்

திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். பக்கத்து மணலியில் பெட்ரோல் செய்தார்கள். புல்லட் எஞ்சினின் கதையைச் சொல்ல இரண்டுமே வேண்டும்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ராணுவத்துக்கு 350 சிசி வண்டி தேவைப்பட்டது. முதலில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள்; 1960களில் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடிய பிறகும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை.

அந்தப் பழைய இரும்பு எஞ்சினின் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது அமுக்க விகிதம், சுமார் 7 தான். ஏன் இவ்வளவு குறைவு?

முதலில் கணக்கு. சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு 346 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 58 சிசி என்றால், (346 + 58) ÷ 58 = சுமார் 7. இதுதான் ஸ்டாட்டிக் விகிதம்.

விகிதம் கூடினால் அதே பெட்ரோலில் அதிக சக்தி கிடைக்கும். ஆனால் அமுக்கம் மிஞ்சினால் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடிக்கும். எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும், பிஸ்டனே ஓட்டையாகலாம். இதைத் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. அன்று இங்கே கிடைத்த பெட்ரோலுக்கு அது குறைவு. 1969-ல் மணலி சுத்திகரிப்பு ஆலை வந்த பிறகும், பல ஆண்டுகள் நாடெங்கும் பெட்ரோலில் ஈயம் கலந்துதான் ஆக்டேனை ஏற்றினார்கள். ஈயம் விஷம் என்பதால் 2000-ல் அது முழுக்க நின்றது. 2010-ல் 91 ஆக்டேன் நாடு முழுவதும் வந்தது.

அதே காலத்தில் எஞ்சினும் மாறியது. 2008-ல் வந்த புதிய அலுமினிய எஞ்சினும் அதே 70 × 90 தான். ஆனால் விகிதம் 8.5. மிஞ்சும் இடம் 46 சிசியாகக் குறைந்தது.

இந்த 8.5-ம் முழு உண்மை இல்லை. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வேகமாக ஓடும்போது சிலிண்டர் நன்றாக நிரம்ப இது உதவும். மெதுவாக ஓடும்போது உள்ளே வந்ததில் கொஞ்சம் திரும்பிப் போய்விடும். வால்வு மூடும்போது 72 மி.மீ. ஓட்டம்தான் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 277 சிசி. (277 + 46) ÷ 46 = சுமார் 7. இது டைனமிக் விகிதம்.

ஆகவே 'பிக்கப்' வேண்டும் என்று ஹெட்டைத் தேய்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே 1 மி.மீ. குறைந்தாலே கிட்டத்தட்ட 4 சிசி போகும், 8.5 என்பது 9.2 ஆகிவிடும். வால்வு சீக்கிரம் மூடும் கேம் ஷாஃப்ட்டையும் போட்டால் டைனமிக் விகிதம் இன்னும் ஏறும்.

2020-ல் வந்த 349 சிசி எஞ்சினில் விகிதம் 9.5. ஆனால் அது அந்த விகிதத்துக்காகவே முழுதாக வடிவமைத்த எஞ்சின். பழைய எஞ்சினின் 7-ஐப் பலவீனம் என்று சொல்வது தவறு. அன்றைக்குக் கிடைத்த பெட்ரோலுக்கு ஏற்ற எண் அது.