நவிரமலைக்கு வழி

பர்வதமலை ஏறப் போறவங்க யூடியூப் பார்த்துட்டுப் போவாங்க. நான் மலைபடுகடாம் படித்துவிட்டுப் போனேன். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழிகாட்டி. செங்கத்து நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறான்: பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைக்காவலர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் உங்கள் மேல் விழலாம், பாசி வழுக்கும் இடத்தில் மூங்கிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் இல்லை, பாறையில் அடித்த கடப்பாறைக் கம்பிகள்தான் இருந்தன. கை நடுங்கியது.

நஞ்சுண்ட கடவுள் உறைவதாக அந்த 583 அடிப் பாட்டு சொல்லும் நவிரமலை இதுதான் என்கிறார்கள். ஆனால் உச்சியில் இப்போது இருப்பவர்கள் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். இரண்டுமே ஸ்ரீசைலத்துப் பெயர்கள். ஸ்ரீசைலத்துக்கு ஸ்ரீபர்வதம் என்றும் பெயர் உண்டு. அந்தப் பக்தி வந்த வழியிலேயே ‘பர்வதம்’ என்ற பெயரும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கடவுள் அதே சிவன்தான், மலையின் பெயர்தான் போய்விட்டது.

மேலே மேகம் விலகியதும் ஜவ்வாது மலைத்தொடர் தெரிந்தது. இறங்கும்போது மோர் விற்ற பெரியவரிடம் நவிரமலை பற்றிக் கேட்டேன்.

“நவிரமா? அது எந்தப் பக்கம் தம்பி இருக்கு?”