கட்டுகிறவர் யார், வாக்களிப்பவர் யார்: டொரொண்டோ கடைத்தெரு ஒன்றும் கட்டாயச் சந்தாவும்

நலிந்த கடைத்தெரு மீண்டெழுந்த வரலாற்றைப் பேசும்போது நடைபாதை மரங்களும் விளக்குகளும் பூத்தொட்டிகளுமே முதலில் கண்ணில் படுகின்றன. டொரொண்டோவின் புளோர் வெஸ்ட் வில்லேஜ் கடைத்தெருவையும் பலர் அப்படித்தான் நினைவுகூர்கிறார்கள். 1970 இல் அங்கே அமைந்ததே உலகின் முதல் வணிக மேம்பாட்டுப் பகுதி என்று கருதப்படுகிறது. ஆனால் மரம் நடுவதும் விளக்குப் போடுவதும் அதற்கு முன்பும் எல்லா ஊர்களிலும் நடந்தவைதாம். அங்கே புதிதாக நிகழ்ந்தது, அந்தச் செலவுக்கான பணத்தை யாரிடம், எந்த அதிகாரத்தால் திரட்டுவது என்பதற்குக் கிடைத்த சட்ட ஏற்பாடு. சுமையைத் தாங்குபவர் கையிலேயே வாக்கும் இருந்தால்தான் அந்த ஏற்பாடு நியாயமாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1960களில் அத்தெருவுக்கு இரண்டு அடிகள் விழுந்தன. 1964 இல் யார்க்டேல் பேரங்காடி, தாராளமான கார் நிறுத்துமிடத்தோடு திறக்கப்பட்டது. 1968 இல் சுரங்க ரயில் பாதை மேற்கே நீண்டதும் தெருவில் ஓடிய டிராம் நின்றுபோனது. டிராமில் போகிறவர் சன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டே போவார், ஏதாவது கண்ணில் பட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். நிலத்தடியில் போகிறவருக்குத் தெருவே தெரியாது. வியாபாரிகள் சங்கமாகச் சேர்ந்து தெருவைச் சீர்படுத்த முயன்றார்கள், ஆனால் சந்தா அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. விளக்குத் தோரணத்துக்குப் பத்துக் கடைக்காரர் பணம் கொடுத்தால், கொடுக்காத பதினோராவது கடையின் வாசலிலும் அதே வெளிச்சம்தான் விழுகிறது. மறு ஆண்டு, கொடுத்தவர்களின் கையும் சுருங்குகிறது. பொது நன்மைக்கான எந்த விருப்பச் சந்தாவுக்கும் நேரும் கதி இது. கடைக்காரர்களின் குணக்கேடு என்று இதைச் சொல்வது பிழை. 1969 இன் இறுதியில் ஒன்டாரியோ சட்டமன்றம் இதற்கு வழி செய்தது. வரையறுத்த பகுதிக்குள் உள்ள வணிகங்கள் அனைத்தின்மீதும், சொத்து மதிப்புக்கு ஏற்ப, நகராட்சியே கூடுதல் வரி விதித்து, வசூலித்து, வியாபாரிகளின் நிர்வாகக் குழுவிடம் ஒப்படைக்கலாம்.

வேண்டாம் என்கிற கடைக்காரரிடம் பணம் பிடுங்குவது எந்த நியாயம் என்று கேட்கலாம். கனமான கேள்விதான். இதற்கு விடை, பணம் யாருடைய வாக்கால் செலவாகிறது என்பதில் இருக்கிறது. டொரொண்டோவுக்கு இன்று தனிச் சட்டம் உண்டு. மாகாணத்தின் மற்ற நகரங்களை ஆளும் 2001 ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், கட்டட உரிமையாளரோடு வணிக வாடகைதாரரையும் உறுப்பினராக ஏற்கிறது. எத்தனை கட்டடம் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். வரவுசெலவுத் திட்டம் நகர மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். நியூயார்க் இதற்கு நேர்மாறான வழியில் போயிற்று. அங்கே நிர்வாகக் குழுவில் சொத்து உரிமையாளர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கிராண்ட் சென்ட்ரல் பகுதியின் குடியிருப்பாளர்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, இவ்வமைப்பின் பணி குறுகியது, அதன் சுமை உரிமையாளர்மீதே மிகுதியாக விழுகிறது என்று காரணம் காட்டி, ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி இதற்குப் பொருந்தாது என 1998 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமை உண்மையில் யார்மீது விழுகிறது என்பதில்தான் அத்தீர்ப்போடு நான் மாறுபடுகிறேன். வணிக வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் சொத்து வரியை வாடகைதாரரே கட்டுகிறார். ரசீதில் உரிமையாளர் பெயர் இருக்கும், பணம் கல்லாப்பெட்டியிலிருந்து போகும்.

ஒன்டாரியோ ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. புதிய பகுதி அமைக்கும் அறிவிப்பு உரிமையாளருக்கே அஞ்சலில் போகிறது. வரியில் பங்கு கட்டும் வாடகைதாரருக்கு அதன் நகலை 30 நாளுக்குள் அவர் தர வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் காலமோ அறிவிப்பு அஞ்சலான நாளிலிருந்து மொத்தமே 60 நாள். உரிமையாளர் கடைசி நாள்வரை காத்திருந்தால் பாதிக் காலம் போய்விடும். தராமலே இருந்துவிட்டால் கடைக்காரருக்குச் செய்தியே எட்டாது. திட்டத்தைத் தடுக்கவோ, அறிவிப்புக்கு உரியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட வேண்டும்; அவர்கள் வரியிலும் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குபவர்களாக இருக்க வேண்டும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் சட்டம், செய்தி ஒவ்வொரு கடைவாசலையும் எட்டியதா என்று உறுதி செய்துகொள்ளக் கடமைப்பட்டது.

வியாபாரிகள் மட்டுமே தெரு ஆகிவிடுவார்களா என்பது இன்னொரு தடை. ஆக மாட்டார்கள். அதே புளோர் தெருவின் அனெக்ஸ் பகுதியில் 2009 இல் வெளிவந்த ஆய்வொன்று, காரில் வந்த வாடிக்கையாளர் ஏறத்தாழ 10 சதவீதமே என்று கண்டது. கடைக்காரர்கள் அதைவிட மிகுதியாக மதிப்பிட்டிருந்தார்கள். தன் கடைக்கு வருகிறவர் எப்படி வருகிறார் என்பதிலேயே வியாபாரி தவறக்கூடும் என்றால், நடைபாதை, சைக்கிள் பாதை, வாகன நிறுத்தம் ஆகியவற்றில் முடிவை நகர மன்றம் தன் கையிலேயே வைத்திருப்பதுதான் சரி.

தெரு செழித்தால் வாடகை ஏறி, பணம் கட்டிய சிறுகடையே வெளியேற நேரும் என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான ஆட்சேபம். ஒன்டாரியோவில் வணிக வாடகைக்குச் சட்ட உச்சவரம்பு இல்லை. எனவே சங்கத்து வாக்கால் வாடகையைத் தடுக்க முடியாது. வரிப்பணம் பூத்தொட்டிக்குப் போகிறதா, விளம்பரத்துக்குப் போகிறதா என்பதைத் தீர்மானிக்க மட்டுமே முடியும். இதற்காக 1970 இன் ஏற்பாட்டையே கைவிட வேண்டியதில்லை. ஒப்பந்தக் காலம் முடியும்போது புதுப்பிக்கும் உரிமையையும் வாடகை உயர்வுக்கு நடுவர் தீர்ப்பையும் வணிக வாடகைச் சட்டத்தில் சேர்க்கும்படி இதே சங்கங்கள் மாகாண அரசிடம் கேட்கலாம். உரிமையாளர்கள் பெரும்பான்மையாக அமர்ந்த குழு அதைக் கேட்காது. வாடகைதாரர்கள் வாக்களிக்கும் குழுவுக்கு அதைக் கேட்கக் காரணம் இருக்கிறது.