உருக்குக்கு உரமளித்த தங்குதன்

இரும்பை உருக்காக்கப் பழகிய மனிதன், பிற உலோகங்களைச் சிறிதளவு சேர்ப்பதால் உருக்கின் இயல்பே மாறும் என்பதைப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே நன்கறிந்தான். மங்கனீசு, குரோமியம், நிக்கல், வனேடியம் முதலியன இவ்வாறு உருக்கிற் கலக்கப்படுவனவாம். அவற்றுள் தங்குதனின் வரலாறு தனிச் சிறப்புடையது. கனிப்பொருளை உடைய நாட்டுக்கும் அதனைப் பயன்படுத்தும் அறிவை உடைய நாட்டுக்குமுள்ள வேறுபாட்டை அது தெளிவுற உணர்த்துகின்றது.

சாக்சனி, பொகீமியா எல்லை மலைகளில் வெள்ளீயம் அகழ்ந்தோர் கரிய கனிப்பொருளொன்றை வெறுத்தனர். தாதுவுடன் அது கலந்திருப்பின், உருக்குங்கால் வெள்ளீயத்தின் ஒரு பகுதி கசடோடு கழிந்துவிடும். ஓநாய் ஆட்டை விழுங்குவதுபோல் அது வெள்ளீயத்தை விழுங்குவதாகக் கருதி, ஓநாயின் பெயரையே அதற்கு இட்டனர். 'வொல்பிரம்' என்னும் பெயர் இவ்வாறு தோன்றியதே. 1781-இல் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் சீலே, அந்நாட்டார் 'பாரக்கல்' என்னும் பொருளில் 'தங்ஸ்டென்' என வழங்கிய வேறொரு கனிப்பொருளிலிருந்து புதிய அமிலமொன்றைப் பெற்றார். 1783-இல் ஸ்பெயின் நாட்டு எலூயார் சகோதரர் இருவர், வொல்பிரத்திலிருந்து அதே அமிலத்தைப் பெற்று, கரியின் துணையால் உலோகத்தையே பிரித்தெடுத்தனர்.

எனினும் எண்பதாண்டுகளுக்கு மேலாக அதற்குப் பெரும்பயன் எதுவும் வாய்க்கவில்லை. 1868-இல் இங்கிலாந்தின் றொபேட் மூசெற் என்பார் தங்குதன் கலந்த உருக்கொன்றை ஆக்கினார். அக்காலக் கருவியுருக்கைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் தோய்த்தே வன்மைப்படுத்துவர். மூசெற்றின் உருக்கோ காற்றில் ஆறியே வன்மை பெற்றது. அதன் செய்முறையை அவர் மிக்க மறைவாகப் பேணினார். நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெத்திலகேம் உருக்காலையில் டெயிலர், உவைற் என்னும் இருவர், இத்தகைய உருக்கை உருகுநிலைக்கு அணித்தாகக் காய்ச்சி ஆறவிட்டால், கருவி வேலையின்போது செந்நிறமாகக் கனன்றாலும் கூர் மழுங்காது எனக் கண்டனர். 1900-இல் பாரிசுக் கண்காட்சியில் இதனைக் கண்ட பொறியியலாளர் வியந்தனர். புதிய வேகத்தைப் பழைய கடைசற்பொறிகள் தாங்கமாட்டாமையால் பொறிகளையே புதிதாக அமைக்க நேர்ந்தது. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு தங்குதன், நான்கு பங்கு குரோமியம், ஒரு பங்கு வனேடியம் கொண்ட உருக்கு பின்னர் உலகெங்கும் நிலைபெற்றது.

இவ்வுலோகத்தை ஆக்குதல் எளிதன்று. தாதுப்பாறையில் இதன் ஒட்சைட்டு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கேனும் இராது. பாறையை நொறுக்கி, நீராலும் காந்தத்தாலும் பயனற்ற பகுதியை நீக்கி, வேதியியன் முறையால் மஞ்சள்நிற ஒட்சைட்டாக்கி, ஐதரசனாற் குறைத்துத் தூளாகப் பெறுவர். 3,422 பாகை செல்சியசில் உருகுவதாகலின், ஏனைய உலோகங்களைப்போல் இதனை உருக்கி வார்த்தல் அரிது.

இவ்வறிவிற் சிறந்து விளங்கியது ஜேர்மனி. பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்ட பர்மாவில், தவோய்ப் பகுதியில், தாது மிகுதியாக இருந்தது; ஆயின் அது ஜேர்மனிக்கே கப்பலேறியது. ஷெபீல்டு உருக்காலைகள் அங்கிருந்து தூளை விலைக்கு வாங்கின. 1914-இல் போர் மூண்டதும், பீரங்கிக் குண்டுகளைக் கடையும் கருவிகளுக்கு வேண்டிய தூளைப் பகைவரே ஆக்கிவந்தனர் என்ற உண்மை பிரித்தானியரைத் திடுக்கிடச் செய்தது. தம் பேரரசின் மண்ணில் விளைந்த பொருளைத் தாமே சுத்திகரிக்க, போரின் நெருக்கடியிடையே ஆலை அமைக்கவேண்டியவராயினர்.

அறிவிருந்தும் தாதுவில்லாமையின் இடர் அடுத்த போரில் வெளிப்பட்டது. தங்குதன் காபைட்டுத் தூளைக் கோபாற்றுடன் இறுக்கிக் காய்ச்சும் முறையை 1923-இல் ஜேர்மனியர் கண்டனர். 'வைரம்போல' என்னும் பொருள்பட 'விடியா' என அது விற்பனைக்கு வந்தது. அதற்குரிய தாதுவுக்காக அவர்கள் நடுநிலை நாடாகிய போர்த்துக்கலை நாடினர். நேசநாட்டாரும் போட்டியிட்டு வாங்கவே, விலை பன்மடங்கு உயர்ந்தது. 1944 யூனில் சலசார் அரசு, நேசநாட்டாரின் வற்புறுத்தலால், ஏற்றுமதியைத் தடைசெய்தது.

இன்று உலகில் அகழப்படும் தங்குதனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சீனாவினது. தாதுவும் அதனைப் பயன்கொள்ளும் தொழிலறிவும் அந்நாட்டில் ஒருங்கே உள்ளன. 2025 பெப்ரவரியில் அது ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது உலகத் தொழிற்சாலைகள் கவலையுற்றதன் காரணம் இதுவே.

தங்குதனின் கதை நம் நாட்டுக்கும் புறம்பானதன்று. கலப்புலோகங்களிற் பயன்படும் தைத்தானியத்தைத் தன்னகத்தே கொண்ட இல்மனைற்று, புல்மோட்டைக் கடற்கரையிற் செறிந்துள்ளது. நெடுங்காலமாக அது பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிவந்துள்ளது. தவோயின் தாது கப்பலேறிய கதையையும் இதனையும் ஒப்புநோக்குவார்க்கு, மண்ணின் வளம் அறிவோடு சேர்ந்தாலன்றிச் செல்வமாகாது என்பது புலனாகும். அவ்வறிவை ஆக்குமிடம் பள்ளியின் ஆய்வுகூடமே என்பதை மாணவரும் ஆசிரியரும் உளங்கொள்வாராக.