தெர்மாமீட்டரும் பதினாலு மாத்திரையும்

எங்கப்பா செத்தது 2008இல். பெருங்குடி காலனியில் பிறந்து, ஏரித்தண்ணி பாய்ந்த கழனிகளில் கூலிக்கு ஏரோட்டி, பிறகு அதே கழனிகள்மேல் எழும்பிய கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்களுக்குக் கல்லும் கலவையும் சுமந்தவர். அம்பது வயசுகூட முடியவில்லை. ஒருநாள் விடிகாலை, “நெஞ்சப் பெசையுதுடா, இடது கை மரத்துப்போச்சு” என்றார். பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் முதலில் கேட்டது, “நீ எந்தத் தெருய்யா?”

“காலனிங்க.”

ஸ்டெதஸ்கோப் அவர் கழுத்திலேயே தொங்கியது. “வாயுதான். ராத்திரி என்னத்தத் தின்ன?” என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மத்தியானம் அப்பா போய்ச்சேர்ந்தார். ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். நானும் நம்பினேன்.

பிறகு எம்.ஏ. தமிழ் படிக்கையில் அண்ணல் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ கைக்கு வந்தது. 1930களில் எழுதப்பட்டு 1990இல்தான் நூலாக வெளிவந்த சிறு நினைவுக் குறிப்பு அது. கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் மூச்சுவிட முடியாமல் தவிக்கிறார். சேரிக்குள் வர மறுத்த டாக்டர், அவளை வெளியே கொண்டுவரச் சொல்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது டாக்டருக்குத் திரும்புகிறது. தொடாமலே நோய் சொல்லப்பட்டது. அவள் செத்தாள். 1929 டிசம்பர் 12 ‘யங் இந்தியா’வில் அந்த ஆசிரியரே எழுதிய கடிதம் இது. படித்துவிட்டு அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

எங்கப்பாவைப் பார்த்த டாக்டர் சாதி பார்த்தாரா, அசட்டையா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அப்பா செத்த அதே 2008இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியாவில் 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் மாரடைப்பு, அதையொட்டிய நெஞ்சுவலியோடு வந்த 20,468 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு. அவர்களை வசதி வாரியாகப் பிரித்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பணக்காரர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். ஏழையின் இதயம் பலவீனமானதா? இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அடைப்பை நீக்கும் சிகிச்சை, மாத்திரை எல்லாமே ஏழைக்குக் குறைவாகக் கிடைத்திருந்தன. அடைப்பு நீக்கும் சிகிச்சை பணக்காரர்களில் 15.3 சதவீதம் பேருக்கு. ஏழைகளில் 2 சதவீதம் பேருக்கு. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது சாவு வித்தியாசம் மறைந்துவிட்டது. விதி என்று நாம் அழுதது விநியோகம்.

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பணக்கார வியாதி என்பது இன்னொரு பொய். சென்னையிலேயே 1996-97இல் தியாகராய நகர் பாரதி நகர் ஏழைகளையும், திருமங்கலம் ஏசியாட் காலனி நடுத்தர வர்க்கத்தையும் ஆராய்ந்தார்கள். சர்க்கரை அங்கே 12.4 சதவீதம், பாரதி நகரில் 6.5. பத்தாண்டு கழித்து அங்கே 15.4; பாரதி நகரில் 15.3. வியாதி சமத்துவம் அடைந்துவிட்டது, வைத்தியம் அடையவில்லை.

அந்தக் காலத்தில்தான், 2000த்திலிருந்து, கூவம் கரையிலும் நகரின் நடுவிலும் இருந்த சேரிகளைப் பெயர்த்து எங்களுக்குப் பக்கத்துக் கண்ணகி நகரில் கொண்டுவந்து கொட்டினார்கள். பெரும்பாலோர் நம் சனங்கள். வீட்டோடு வேலையும், நடந்துபோகும் தூரத்திலிருந்த பெரியாஸ்பத்திரியும் போயின. தினமும் மாத்திரை தின்றாக வேண்டியவனுக்கு ஆஸ்பத்திரி தூரம் என்பது மாத்திரை நின்றுபோவது. 2009இல் வந்த அரசுக் காப்பீடு ஆபரேஷனுக்குக் கைகொடுத்தது. தினசரி மாத்திரைக்கு அல்ல.

2021 ஆகஸ்ட் 5இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. எங்கம்மாவுக்கு பிரஷர். மாசாமாசம் ஒரு பெண் எங்கள் வீட்டுக்குள் வந்து, பாயில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றிப் பார்க்கிறாள். “இன்னும் உப்பக் கொறைங்கம்மா” என்கிறாள். 2023இல் ‘இதயம் காப்போம்’ வந்தது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடார்வாஸ்டாடின் 8, ஆகப் பதினாலு மாத்திரை கொடுத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அன்றைக்கு எங்கப்பாவுக்கு யாரும் கொடுக்காத பதினாலு.

இவை தானமல்ல, தாமதமாக வந்த பாக்கி. பாக்கி இன்னும் இருக்கிறது. அந்த 2008 ஆய்வு வசதியை எண்ணியது, சாதியை எண்ணவில்லை. யாருடைய மார்பில் ஸ்டெதஸ்கோப் படவில்லை என்பதையும் எண்ணச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான். அதுவரை ஒவ்வொரு காலனியிலும் இதையாவது சொல்லிவைப்போம்: நெஞ்சைப் பிசைந்தால் வாயு என்று வீட்டில் கிடக்காதே. போ. ஈசிஜி எடு என்று கேள். தொட்டுப் பார் என்று கேள்.