பந்தயக் குறிப்பும் பயிற்சிக்கூட இரகசியமும்

கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி நிரல் ஒன்று வெளியானதும், வீரர்கள் கூண்டுக்குள் இறங்குவதற்குப் பல நாட்கள் முன்னதாகவே வேறொரு கூட்டம் களத்தில் இறங்கிவிடுகின்றது. யார் வெல்வார், எத்தனையாவது சுற்றில் வெல்வார், குத்தினால் வெல்வாரா, கழுத்துப் பிடியினால் வெல்வாரா, நடுவர்களின் புள்ளிகளால் வெல்வாரா என்று ஒவ்வொரு மோதலுக்கும் ஆரூடம் கூறும் கூட்டம் அது. இலவசமாகச் சொல்வோரும் உளர். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு சொல்வோரும் உளர். குதிரைப் பந்தயத்தில் ‘டிப்ஸ்’ என்று நம்மவர்கள் அழைத்துவந்த அதே சரக்குத்தான். எங்கோ இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்காகக் கொழும்பில் புக்கிக் கடை வாசலில் தவங்கிடப்போரைக் கண்டவர்களுக்கு இதில் புதுமை எதுவும் தோன்றாது.

ஆனால், குதிரைக்கும் மனிதனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தன் கால் நோகின்றது என்று குதிரை எவரிடமும் வாய்திறந்து சொல்வதில்லை. சண்டை வீரன் சொல்வான். அதை யாரிடம் சொல்கிறான், கேட்டவர் அதைக் கொண்டு என்ன செய்கிறார் என்பதே இந்த ஆரூட வணிகத்தின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழும் வில்லங்கமாகும்.

அந்த வில்லங்கம் கூண்டுச் சண்டையோடு பிறந்ததன்று. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் வெறுங்கைக் குத்துச்சண்டைக்கு முடிசூடா மன்னனாக விளங்கியவர் ஜாக் புரோட்டன். 1743 ஆகஸ்ட் 16ஆம் திகதி அவர் தமது அரங்கிற்கென வகுத்த ஏழு விதிகளே குத்துச்சண்டையின் முதலாவது எழுத்து வடிவ விதிகளாகக் கருதப்படுகின்றன. விழுந்தவனை அடிக்கக் கூடாது என்ற விதியை எல்லோரும் நினைவுகூர்வர். அதே பட்டியலில் பணத்தைப் பற்றிய விதியொன்றும் உண்டு. அளிக்கப்பட்ட பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு வென்றவனுக்கே உரியது. அது மேடையிலேயே பகிரங்கமாகப் பிரிக்கப்பட வேண்டும். போட்டியாளர்கள் தமக்குள் வேறு தனிப்பட்ட உடன்பாடு செய்திருந்தாலும் அது செல்லாது. தனிப்பட்ட உடன்பாடுகள் நடமாடியிராவிட்டால் அப்படியொரு விதிக்கு அவசியம் நேர்ந்திராது என்பது வெளிப்படை.

புரோட்டனின் புரவலராக இருந்தவர் கம்பர்லாந்துக் கோமகன். மன்னர் இரண்டாம் ஜோர்ஜின் மகன். 1746இல் கலோடன் போரில் வென்ற தளபதி. 1750 ஏப்ரலில் நோர்விச்சைச் சேர்ந்த இறைச்சிக் கடைக்காரரான ஜாக் ஸ்லாக்குடன் புரோட்டன் மோதியபோது, பந்தயம் முழுவதும் புரோட்டன் பக்கமே சாய்ந்திருந்தது. ஸ்லாக்கின் குத்தொன்று இரு கண்களுக்கும் நடுவே விழுந்தது. கண்கள் வீங்கி மூடிக்கொள்ள, எதிரி எங்கே நிற்கிறான் என்பதே தெரியாமல் புரோட்டன் தடுமாறினார். கால் மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. கோமகன் 10,000 பவுண் இழந்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. தம்மை விற்றுவிட்டதாகவே அவர் கடைசிவரை எண்ணினார் என்றும், அரங்கம் மூடப்பட்டதற்கு அவரது சினமே காரணம் என்றும் கூறுவர். புரோட்டன் விற்றதற்கு எந்தச் சான்றும் இல்லை. குருடாக்கப்பட்ட மனிதனைப் பார்த்து, பணத்தை இழந்த மனிதன் கூறிய பழி அது. பந்தயம் கட்டுவோரின் இந்தச் சுபாவம் 275 ஆண்டுகள் கடந்தும் மாறவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1760இல், ஸ்லாக் தாமும் பில் ஸ்டீவன்ஸ் என்பவரிடம் தோற்றார். மறு ஆண்டே அவர் ஜோர்ஜ் மெக்ஸ் என்ற பிரிஸ்டல்காரரைப் பயிற்றுவித்து அதே ஸ்டீவன்ஸுடன் மோதவிட்டார். மெக்ஸ் வென்றார். ஸ்டீவன்ஸ் பணம் வாங்கிக்கொண்டு வீழ்ந்தார் என்றும், பேரம் பேசியவர் பயிற்றுநர் ஸ்லாக்கே என்றும் குத்துச்சண்டை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. பயிற்றுநரும் பந்தயக்காரரும் ஒரே ஆளாக நின்ற முதலாவது பெரும் ஊழல் இதுவென்று கொள்ளலாம்.

இனி நமது காலத்திற்கு வருவோம். 1993 நவம்பர் 12ஆம் திகதி, அமெரிக்காவின் டென்வர் நகரில் முதலாவது அல்ரிமேற் பைற்றிங் சாம்பியன்ஷிப், அதாவது இன்று உலகம் யு.எப்.சி. என்று அறிந்த போட்டி, நடைபெற்றது. எட்டு வீரர்கள். குத்துச்சண்டை, சுமோ, கராத்தே, மல்யுத்தம் என்று வெவ்வேறு மரபினர் ஓர் எண்கோணக் கூண்டுக்குள் மோதினர். வெள்ளை அங்கி அணிந்து மெலிந்த உடலோடு வந்த றொய்ஸ் கிறேசி என்ற பிரேசில் இளைஞர் ஒரே இரவில் மூவரையும் வீழ்த்தி 50,000 டொலர் பரிசைப் பெற்றார். உடல்வாகைப் பார்த்து ஆரூடம் சொல்பவர் எவரும் அவரைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்.

ஆயினும் ஒருவருக்கு விடை முன்னரே தெரிந்திருந்தது. போட்டியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான றோறியன் கிறேசி, றொய்ஸின் மூத்த சகோதரர். குடும்பத்தில் வலிமை மிக்கவரான றிக்சனை விடுத்து மெலிந்த தம்பியை அவர் அனுப்பியதற்குக் காரணம், சிறிய உடலும் ஜியு-ஜிட்சுவினால் பெரிய உடலை வெல்லும் என்று உலகுக்குக் காட்டவே. இதில் மோசடி எதுவும் இருக்கவில்லை. சண்டைகள் யாவும் உண்மையானவை. எனினும் வெளியில் இருப்பவன் காண்பது வேறு, உள்ளே இருப்பவன் அறிவது வேறு என்ற பாடம் முதலாம் நாளிலேயே எழுதப்பட்டுவிட்டது.

பின்வந்த சில ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1996இல் செனட்டர் ஜோன் மக்கெயின் இதனை மனிதச் சேவற்சண்டை என்று வருணித்து மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். பல மாநிலங்கள் தடை விதித்தன. சேவற்சண்டையிலும் பந்தயமே உயிர்நாடி என்பதை அவர் கருத்திற் கொண்டிருந்தாரோ என்னவோ! 2001 ஜனவரியில் லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதி உரிமையாளர்களான பெர்ற்றிற்றா சகோதரர்கள் யு.எப்.சி.யை 20 இலட்சம் டொலருக்கு வாங்கினர். அதே ஆண்டில் நெவாடா மாநிலம் இவ்விளையாட்டை அங்கீகரித்தது. அமெரிக்கப் பந்தயத் தொழிலின் தலைநகரில் கூண்டு நிறுவப்பட்டது.

இங்கே பந்தய விகிதத்தின் சூட்சுமத்தைச் சற்று விளக்க வேண்டும். ஒரு வீரரின் பெயருக்கு எதிரே கழித்தல் 300 என்றிருந்தால், 300 டொலர் கட்டினால்தான் 100 டொலர் இலாபம் கிடைக்கும். அவர் நான்கில் மூன்று தடவை வெல்வார் என்பது அதன் உட்கருத்து. கூட்டல் 250 என்றால் 100 கட்டி 250 பெறலாம். இருவரும் சமபலம் உடையவர்கள் என்றால் இருவருக்கும் கழித்தல் 110 என்று போடுவார்கள். கணக்குப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் 52.4 சதவீத வாய்ப்பு. இரண்டையும் கூட்டினால் 104.8! நூறுக்கு மேற்பட்ட அந்த 4.8தான் பந்தயம் ஏற்பவரின் கூலி. எனவே, நூற்றுக்கு 52 சரியாகச் சொல்லும் ஆரூடக்காரரைப் பின்பற்றுபவரும் நட்டத்திலேயே முடிவார். யு.எப்.சி. போட்டிகளில் விகிதப்படி முன்னணியில் இருப்பவர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவை வெல்கிறார். ஆகவே முன்னணி வீரர்களின் பெயர்களையே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் எவரும் 65 சதவீதம் சரி என்று மார்தட்டலாம். அவரை நம்பிப் பணம் கட்டியவரின் பை மட்டும் காலியாகும்.

அந்த மூன்றிலொரு பங்குக்குள்தான் இவ்விளையாட்டின் மறக்கவியலாத இரவுகள் பல இருக்கின்றன. 2007 ஏப்ரல் 7ஆம் திகதி ஹூஸ்ரனில் ஜோர்ஜ் சென்-பியரை மற் செறா முதற் சுற்றிலேயே வீழ்த்தினார். 2015 நவம்பர் 15ஆம் திகதி மெல்பேர்னில், 56,214 பேர் முன்னிலையில், அதுவரை தோல்வியே கண்டிராத றொண்டா றூசி, ஹொலி ஹோமின் உதையில் இரண்டாம் சுற்றில் சாய்ந்தார். றூசியின் பேரில் 100 டொலர் சம்பாதிக்க ஆயிரத்துக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. நாலு அவுன்ஸ் கையுறை, ஐந்து நிமிடச் சுற்று, உதை, முழங்கை, கழுத்துப் பிடி என்று முடிவுக்கு இத்தனை வாசல்கள் திறந்திருக்கையில் ஆரூடம் பிழைப்பதில் வியப்பில்லை. பிழைக்காத ஆரூடத்தைக் கண்டால்தான் ஐயுற வேண்டும்.

2018 மே 14ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் முடக்கி வைத்திருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாதாக்கியது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் திறந்தன. நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2022 ஏப்ரல் 4ஆம் திகதி தனியார் இணையப் பந்தய நிறுவனங்களுக்கு அனுமதி வழங்கியது. கையிலுள்ள தொலைபேசியே புக்கிக் கடையாயிற்று.

அதே ஆண்டில்தான் ஸ்லாக்கின் ஆவி மீண்டும் உலாவத் தொடங்கியது. ஜேம்ஸ் கிறவுஸ் முன்னாள் யு.எப்.சி. வீரர், மிசூரி மாநிலத்தில் மதிப்புப் பெற்ற பயிற்றுநர். சந்தா செலுத்தியோருக்குப் பந்தயக் குறிப்புகள் வழங்கியும் வந்தார். பந்தயத்திலேயே தமக்கு மற்றெல்லாவற்றையும் விட அதிக வருவாய் என்று 2022இல் பேட்டியொன்றில் மறைவின்றிக் கூறினார். அன்று எவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இருந்தும், அவ்வாண்டு ஒக்டோபரில் வீரர்கள் யு.எப்.சி. போட்டிகளில் பந்தயம் கட்டுவதை யு.எப்.சி. தடை செய்தது.

நவம்பர் 5ஆம் திகதி, லாஸ் வேகாஸ். கிறவுஸின் மாணவர் டறிக் மினர், சீனாவைச் சேர்ந்த ஷயிலான் நுவேர்டன்பீக்குடன் மோத இருந்தார். சண்டைக்குச் சில மணி நேரத்திற்கு முன்னர், சீன வீரரின் விகிதம் கழித்தல் 220இலிருந்து கழித்தல் 420 வரை பாய்ந்தது. முதற் சுற்றிலேயே அவர் வீழ்த்துவார் என்ற பக்கம் பணம் குவிந்தது. மினர் காயமடைந்திருக்கிறார் என்ற செய்தி பந்தயக்காரர் மத்தியில் பரவியிருந்தது. மணி அடித்தது. மினர் இடது காலால் உதைத்தார். வலியில் முகம் சுழித்தார். சண்டை 1 நிமிடம் 7 விநாடியில் முடிந்தது.

இதை ஸ்லாக்கின் பேரத்தோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. மினர் வேண்டுமென்றே தோற்றார் என்பதன்று நெவாடா ஆணைக்குழு சுமத்திய குற்றம். போட்டிக்கு முந்திய படிவத்தில் காயத்தை மறைத்தார் என்பதே. மறைக்கப்பட்டது மருத்துவரிடமிருந்து மட்டுமே, பந்தயக்காரரிடமிருந்து அல்ல என்பதுதான் கேவலம். ஆணைக்குழு கிறவுஸின் அனுமதியை இடைநிறுத்தியது. மினர் யு.எப்.சி.யிலிருந்து நீக்கப்பட்டார். கிறவுஸிடம் பயிற்சி பெறும் எவரும் யு.எப்.சி.யில் பங்குபற்ற முடியாது என்று டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஒரு குற்றமும் அறியாத அவரது மாணவர்கள் பலர் வேறு பயிற்சிக்கூடம் தேடி அலைந்தனர். அவர்களைப் பற்றி ஆரூடக்காரர் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அதே டிசம்பரின் முதலாம் நாளிலேயே ஒன்ராறியோவின் ஒழுங்குமுறை ஆணையம் யு.எப்.சி. மீதான பந்தயம் முழுவதையும் நிறுத்தும்படி உத்தரவிட்டிருந்தது. உள்ளிருந்து செய்தி அறிவோர் பந்தயம் கட்டாதிருப்பதற்குப் போதிய ஏற்பாடு இல்லை என்பது காரணம். யார் யாரெல்லாம் உள்ளிருப்போர் என்பதை வரையறுத்து விதிகளை யு.எப்.சி. திருத்திய பின்னர், 2023 ஜனவரியில் தடை நீங்கியது. 1743இல் புரோட்டன் ஓர் அரங்குக்கு எழுதியதை 280 ஆண்டுகள் கழித்து ஒரு மாகாண அரசு நினைவூட்ட வேண்டியிருந்தது.

2025 நவம்பர் 1ஆம் திகதி லாஸ் வேகாஸில் மீண்டும் ஒரு சண்டையின் விகிதம் காரணமின்றி ஆட்டங்கண்டது. இம்முறை கண்காணிப்பு நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்தது. யு.எப்.சி. தரப்பினர் அந்த வீரரையே அழைத்து, காயம் ஏதும் உண்டா, எவரேனும் அணுகினார்களா என்று வினவினர். இல்லை என்றார். சண்டையை நடத்தினர். முன்னணியில் இருந்த அவ்வீரர் முதற் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் தோற்றார். மறுநாள் யு.எப்.சி. அவரை விடுவித்தது, விவகாரம் அமெரிக்கப் புலனாய்வுப் பணியகத்திடம் சென்றது, பந்தய நிறுவனமொன்று அவர் பேரில் கட்டியோரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.