வேஷம் கட்டிப் பிழைத்த ஊர்

சியாட்டிலில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை, "அப்பா, ஜெர்மனி பார்த்துட்டு வரலாம் வாங்க" என்று காரில் ஏற்றினான். கிழக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். கேஸ்கேட் மலையைத் தாண்டி இறங்கினால் லெவன்வொர்த். சரிந்த கூரைகள், மரத்தில் மாடி முகப்பு, ஜன்னல்தோறும் பூந்தொட்டி. கடைப் பலகைகள்கூடப் பழைய ஜெர்மன் எழுத்து பாணியில். ஜெர்மன்காரர்கள் எப்போது இங்கே குடியேறினார்கள் என்று கேட்டேன். "அப்படி யாரும் குடியேறலைப்பா, எல்லாம் வேஷம்" என்றான்.

அந்தக் கதையைத் தேடிப் படித்தேன். ரயில்வேயில் காலம் தள்ளியவன் என்பதால் முதல் பகுதியே என்னைப் பிடித்துக்கொண்டது. 1890களில் கிரேட் நார்தர்ன் ரயில்வே வந்ததால் வளர்ந்த ஊர் இது. டிவிஷன் ஆபீஸ் இருந்தது, பெரிய மர அறுவை மில் இருந்தது. 1920களில் ஆபீஸை வெனாட்சி நகரத்துக்கு மாற்றினார்கள். பாதையும் ஊரை விட்டு விலகியது, மில்லும் மூடியது. டிவிஷன் ஆபீஸ் போன ஊர் எப்படி ஆகும் என்று ரயில்வேக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கடைகள் பூட்டிக் கிடந்தன.

1960-ல் டெட் பிரைஸ், பாப் ராட்ஜர்ஸ் என்ற இருவர் அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு சிற்றுண்டிக் கடையை வாங்கினார்கள். 1962-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் துணையோடு ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு யோசித்தார்கள். கலிபோர்னியாவில் டென்மார்க் பாணியில் இருக்கும் சோல்வாங் ஊர்தான் முன்மாதிரி. ஆனால் சோல்வாங்கை உண்மையிலேயே டேனிஷ்காரர்கள் 1911-ல் நிறுவினார்கள். இங்கே மலை மட்டும்தான் ஆல்ப்ஸ் மாதிரி! அதை வைத்தே பவேரியாவாக மாறலாம் என்றார்கள். சொந்தப் பணத்தைப் போட்டு முகப்பை மாற்ற வேண்டும். வாடிக்கையாளரே இல்லாத கடைக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய பந்தயம்! ஒரு பெண்மணி தன் சிக்காமின் ஹோட்டலை 'எடெல்வைஸ்' ஆக்கினார். இன்னும் சிலர் துணிந்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும். பிற்பாடு நகராட்சியே சட்டம் போட்டு எல்லோரையும் அந்த பாணிக்குள் கொண்டுவந்தது.

இன்று சுமார் இரண்டாயிரத்து சொச்சம் பேர் வாழும் ஊருக்கு வருஷத்துக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஹோட்டலில் பரிமாறும் பிள்ளைகளுக்கு அங்கே வாடகை கட்டி வாழ முடிவதில்லை என்பதுதான் இப்போதைய தலைவலி.

மகன் பிரெட்ஸெல் வாங்க வரிசையில் நின்றான். நான் ஸ்டேஷன் எங்கே என்று விசாரித்தேன். ஊருக்குச் சற்று வெளியே, 2009-ல் திறந்த சின்ன நடைமேடை. சியாட்டில்–சிகாகோ வண்டி இப்போது அங்கே நிற்கிறது.