"ஆண்களில்" - விடுபட்டுப் போகும் ஒரு சொல்

ஒரு சின்ன வினாடி வினா. ஒருநாள் சர்வதேசக் கிரிக்கெட்டில் முதன்முதலில் இரட்டைச் சதம் அடித்தவர் யார்?

சச்சின் டெண்டுல்கர் என்றுதான் பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். 2010 பிப்ரவரி 24, குவாலியர், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 200. உலகத்திலேயே முதல் என்றுதான் அன்று டி.வி.க்காரர்களும் கத்தினார்கள், மறுநாள் பேப்பர்களும் எழுதின.

ஆனால் விடை தவறு! அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே, 1997 டிசம்பர் 16 அன்று, இதே இந்தியாவில், மும்பையில், ஆஸ்திரேலிய கேப்டன் பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 229 ரன்கள் எடுத்துவிட்டார். அது உலகக் கோப்பைப் போட்டி. மகளிர் உலகக் கோப்பை என்பதால் நம் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

இதில் சச்சின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் சாதனை சாதனைதான். "ஆண்களில் முதல்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் செய்தியும் சரியாக இருந்திருக்கும். அந்த ஒரு சொல்லைத்தான் விளையாட்டு ஊடகங்கள் திரும்பத் திரும்ப மறக்கின்றன. பெண் ஆடினால் "மகளிர் கிரிக்கெட்", ஆண் ஆடினால் வெறும் "கிரிக்கெட்". அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் யார்? அவமானப்படும் பெண்கள் மட்டும்தானா, பக்கத்தில் நிற்கும் ஆண்களுமா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

தோற்ற களைப்பிலும் ஒரு திருத்தம்

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கச் சொல்லப்படும் பெயர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே.

2016 ரியோ ஒலிம்பிக். ஒற்றையர் இறுதியில் டெல் போட்ரோவை வென்று முர்ரே இரண்டாவது முறையாகத் தங்கம் வாங்குகிறார். பிபிசியின் ஜான் இன்வர்டேல் மைக்கை நீட்டி, டென்னிஸில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆள் நீங்கள்தான் என்று புகழ்கிறார். வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லி நகர்ந்திருப்பார்கள். முர்ரே என்ன சொன்னார் தெரியுமா? ஒற்றையர் பட்டத்தைத் தக்க வைத்தது வேண்டுமானால் புதிது. ஆனால் வீனஸும் செரீனாவும் ஆளுக்கு நான்கு தங்கம் வாங்கியிருக்கிறார்களே என்றார். தன்னைப் புகழ்ந்த வாக்கியத்தைத் தானே திருத்தினார்!

இதே இன்வர்டேல்தான் 2013 விம்பிள்டன் பெண்கள் இறுதிப் போட்டி அன்று, சாம்பியன் மரியோன் பார்டோலியின் தோற்றத்தைப் பற்றி வானொலியில் ஏதோ பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டவர்.

அடுத்த வருடம், 2017 ஜூலையில், விம்பிள்டன் காலிறுதியில் இடுப்பு வலியோடு ஆடி அமெரிக்காவின் சாம் குவெர்ரியிடம் முர்ரே தோற்கிறார். அதற்குப் பிறகு நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் ஒருவர், 2009க்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிக்குப் போகும் முதல் அமெரிக்கர் குவெர்ரி என்று கேள்வியைத் தொடங்குகிறார். முர்ரே நடுவில் புகுந்து, ஆண் வீரர்களில் என்று திருத்துகிறார். அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. அந்த இடைவெளியில் செரீனா வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் பத்துக்கும் மேற்பட்ட கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றிருந்தார். கேள்வி கேட்டவருக்கு அது தோன்றவே இல்லை.

2018 டிசம்பரில் பாரிஸில் நடந்தது இன்னும் மோசம். பெண்களுக்கான முதல் பாலன் டி'ஓர் கால்பந்து விருதை வாங்க நார்வேயின் அடா ஹெகர்பெர்க் மேடை ஏறினார். உலகத்தின் சிறந்த வீராங்கனையிடம் தொகுப்பாளர் கேட்டது, இடுப்பை ஆட்டி நடனம் ஆடத் தெரியுமா என்று. அதையும் வெளிப்படையாகக் கண்டித்தவர்களில் முர்ரே ஒருவர்.

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது? சின்ன வயதில் அவருக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தவர் அம்மா ஜூடி. 2014ல் முன்னாள் சாம்பியன் அமேலி மோரெஸ்மோவைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். அதன் பிறகு முர்ரே தோற்ற போதெல்லாம் பழி மோரெஸ்மோ மேல் விழுந்தது. முந்தைய ஆண் பயிற்சியாளர்களிடம் இருந்தபோதும் தோற்றவர்தானே அவர்? அப்போது யாரும் பயிற்சியாளரைத் திட்டியதில்லை. இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், பெண்ணை ஆணுக்குச் சமமாக நடத்தப் போராடுவது பெண்ணியம் என்றால் தானும் பெண்ணியவாதிதான் என்ற பொருளில் 2015ல் எழுதினார். ஆக, வீட்டிலும் பயிற்சிக் களத்திலும் கற்றதை அவர் பொது இடத்துக்குக் கொண்டு வந்தார். இது முக்கியம், நம்ம ஊர்க் கதைக்கு வரும்போது புரியும்.

இங்கே பெண்களே பேசினார்கள்

இந்தியாவுக்கு வருவோம். 2003 உலகக் கோப்பையின்போது மந்திரா பேடி கிரிக்கெட் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வந்தார். அவர் என்ன கேட்டார் என்பதைவிட என்ன ரவிக்கை போட்டார் என்பதுதான் பேச்சானது. 2007ல் நாடுகளின் கொடிகள் போட்ட புடவை கட்டி வந்தபோது அதுவும் சர்ச்சை. ஆரம்ப நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்த பெரிய வீரர்கள் தன் கேள்வியை மதிக்காமல் முறைத்துப் பார்த்ததைப் பல வருடங்கள் கழித்து அவரேதான் பேட்டிகளில் சொல்ல வேண்டியிருந்தது.

2016 ஜூலை. சானியா மிர்சா இரட்டையர் தரவரிசையில் உலகின் நம்பர் 1. தன் சுயசரிதை வெளியான சமயத்தில் கொடுத்த டி.வி. பேட்டியில், எப்போது "செட்டில்" ஆவீர்கள், தாய்மை பற்றி எழுதவில்லையே என்று பத்திரிகையாளர் ராஜ்தீப் சர்தேசாய் கேட்டார். நம்பர் 1 ஆக இருப்பது போதாதா, அதில் உங்களுக்கு ஏமாற்றமா என்பதுபோல் சானியா திருப்பிக் கேட்டார். ஒரு ஆண் வீரரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு அங்கேயே மன்னிப்புக் கேட்டார் ராஜ்தீப். அந்தப் பெருந்தன்மையையும் சொல்லத்தான் வேண்டும்.

2017 ஜூன், மகளிர் உலகக் கோப்பை தொடங்கும் நேரம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கேப்டன் மிதாலி ராஜிடம், உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்கப்பட்டது. பிடித்த வீராங்கனை யார் என்று ஆண்களிடம் கேட்பீர்களா என்றார் மிதாலி. கேட்டதில் என்ன தப்பு? அடுத்த மாதம் லார்ட்ஸ் இறுதிப் போட்டி வரை, வெறும் 9 ரன்னில் கோப்பையைத் தவறவிடும் தூரம் வரை, அணியைக் கொண்டு போனவர் அவர்.

சென்னையின் தீபிகா பள்ளிக்கல் கதை இன்னும் கடினமானது. ஸ்குவாஷில் உலகின் முதல் பத்து இடங்களுக்குள் வந்த முதல் இந்தியப் பெண். தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கு ஒரு பரிசுத் தொகை, பெண்களுக்கு அதைவிடக் குறைவு. சமமாகத் தராத வரை ஆட மாட்டேன் என்று 2012 முதல் 2015 வரை ஒதுங்கியே இருந்தார். 2016ல் தொகை சமமானது, திரும்பி வந்து ஆடினார். நான்கு வருடம் என்பது ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு எவ்வளவு பெரிய விலை!

சரி, ஆண்கள்?

பேசவில்லை என்று சொல்ல முடியாது. 2016 மார்ச்சில், தான் சரியாக ஆடாத போதெல்லாம் அனுஷ்கா சர்மாவைக் கேலி செய்தவர்களைப் பார்த்து வெட்கப்படுங்கள் என்று விராட் கோலி எழுதினார். பெரிய விஷயம். ஆனால் அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: உங்கள் சகோதரிக்கோ காதலிக்கோ மனைவிக்கோ இப்படி நடந்தால் எப்படி இருக்கும்?

2019 ஜனவரியில் ஹர்திக் பாண்டியாவும் கே.எல்.ராகுலும் ஒரு டி.வி. அரட்டை நிகழ்ச்சியில் கலந்துகொண்டார்கள். அதில் பாண்டியா பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக இருவரும் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். அப்போதும் கேப்டனாகக் கோலி, இந்தக் கருத்துகளை அணி ஆதரிக்கவில்லை என்று சிட்னியில் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். இது வீட்டுக்கு வெளியே வந்த பேச்சு. ஆனால் நாடே கொதித்த பிறகு வந்தது.

2021 ஜூலையில் நடந்ததுதான் தமிழ்நாட்டுக்குப் பக்கமானது. இங்கிலாந்து - இலங்கை தொடரில் வர்ணனையாளராக இருந்த தினேஷ் கார்த்திக், மட்டைகளை அடுத்தவர் மனைவியோடு ஒப்பிட்டு ஒரு ஜோக் அடித்தார். கண்டனம் எழுந்தது. அடுத்த போட்டியின் வர்ணனையிலேயே, அதே மைக்கில், மன்னிப்புக் கேட்டார். மனைவியிடமும் அம்மாவிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதாகவும் சொன்னார். அந்த மனைவி வேறு யாருமல்ல, சம பரிசுக்காக நான்கு வருடம் ஆடாமல் இருந்த அதே தீபிகா!

தப்பை அதே மைக்கில் ஒத்துக்கொள்வது எளிதல்ல, அதற்குப் பாராட்டு. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நம் ஆண்கள் பேசும்போது காரணம் பெரும்பாலும் மனைவி, அம்மா, சகோதரி என்று வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. முர்ரேவும் அம்மாவிடம்தான் கற்றார். ஆனால் அவர் செரீனாவுக்காகப் பேசியபோது உறவு முறை எதையும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் தகவல் தப்பு என்றார். தகவல் தப்பு என்று சொல்ல யாருக்கும் அக்கா தங்கை இருக்க வேண்டிய அவசியம் இல்லையே.

இன்னொரு முரண்பாடும் உண்டு. முர்ரேவின் ஒரு சொல் உலகச் செய்தியானது, அவர் பெருந்தன்மையானவர் ஆனார். அதையே ஒரு பெண் சொன்னால் "திமிர் பிடித்தவள்" என்று பெயர் வாங்க வேண்டியிருக்கிறது. ஆணுக்குச் செலவு குறைவு. அதனால்தான் அவன் பேசுவது கடமையாகிறது. அது தியாகம் ஒன்றும் இல்லை.

தறியில் உட்காராதவர்கள்

ஆரணிக்காரர்களுக்கு இது புரியாத கணக்கல்ல. தறியில் உட்கார்ந்து நெய்பவரைத்தான் நெசவாளி என்கிறோம். பல வீடுகளில் அது அப்பாவோ அண்ணனோ. பட்டு நூலைச் சிக்கெடுத்துச் சுற்றுவது, தார் போடுவது, அறுந்த இழையை முடிவது என்று அம்மாவும் பாட்டியும் செய்வது "கூட மாட ஒத்தாசை". அந்த ஒத்தாசை ஒரு நாள் நின்றால் தறியும் நிற்கும். ஆனாலும் புடவையை யார் நெய்தது என்று கேட்டால் ஒரு பெயர்தான் வரும். யாரும் கெட்ட எண்ணத்தில் மறைப்பதில்லை, பழகிவிட்டது. விளையாட்டுச் செய்தியிலும் நடப்பது இதே பழக்கம்தான். பழக்கத்தை மாற்றப் பெரிய போராட்டம் எல்லா நேரமும் தேவையில்லை. பெயர் விடுபடும் அந்த நொடியில், அங்கே இருக்கும் ஒருவர் சேர்த்துச் சொன்னால் போதும்.

மாற்றம் வராமல் இல்லை. 2021 செப்டம்பரில் கிரிக்கெட் விதிகளில் "பேட்ஸ்மேன்" போய் இருபாலாருக்கும் பொதுவான "பேட்டர்" வந்தது (தமிழில் "மட்டையாளர்" எப்போதுமே பொதுச்சொல்தான் என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம், "ஆட்ட நாயகன்" விஷயத்தில் முடியாது!). 2022 அக்டோபரில் இந்திய வீரர், வீராங்கனைகளுக்கு ஒரே ஆட்டச் சம்பளம் அறிவிக்கப்பட்டது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம் ரூபாய்.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்களில் வென்று ஹர்மன்பிரீத் கவுரின் அணி உலகக் கோப்பையைத் தூக்கியது. மிதாலி ராஜையும் ஜூலன் கோஸ்வாமியையும் கூப்பிட்டுக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். இந்திய ஆண்கள் அணி இப்படிச் செய்ததில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி அவர்களை வணங்கினார் நம் ரவிச்சந்திரன் அஸ்வின். அவர் சொன்னதில் மனைவி இல்லை, மகள் இல்லை. ஒரு கிரிக்கெட் வீரர் மற்ற கிரிக்கெட் வீரர்களைப் பற்றிச் சொன்ன உண்மை மட்டும் இருந்தது.

கடைசியாக இன்னொரு வினா. ஒருநாள் உலகக் கோப்பையை இந்தியா எத்தனை முறை வென்றிருக்கிறது? 1983, 2011, ஆக இரண்டு என்று வகுப்பிலோ டீக்கடையிலோ யாராவது சொன்னால், சண்டைக்குப் போக வேண்டாம். "அது ஆண்களில். மொத்தம் மூன்று" என்று மட்டும் சொல்லுங்கள்.